ஆச்சி தாலியும் பதினாலு கேரட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்ல மாட்டேன். நிஜக் காரணம் வேற. எனக்குக் கல்யாணம். தை பிறந்ததும்.

(வாழ்த்து சொல்ல ஓடி வர்ற நல்ல உள்ளங்கள் கொஞ்சம் பொறுங்க. இது கல்யாணப் பதிவு மாதிரி ஆரம்பிச்சு சரித்திரப் பதிவா முடியப்போவுது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.)

பொட்டி தட்டுறவ கல்யாணம் எப்படி ஆரம்பிக்கும்? எக்செல் ஷீட்ல தான். முதல் காலத்துல சாமான், ரெண்டாவதுல யார்கிட்ட வாங்கறது, மூணாவதுல எவ்வளவு. நானும் வருங்கால ரங்கமணியும் ஒரே ஒரு விதி போட்டுக்கிட்டோம். முடிஞ்சவரைக்கும் எல்லாத்தையும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸுல போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள திரும்பி வரக்கூடிய தூரத்துலயே வாங்கணும். அதுவும் செய்யற ஆளையே நேர்ல பார்த்து வாங்கணும். விளம்பரத்துல சிரிக்கிற நடிகைக்கு நம்ம காசு போகக்கூடாது, அவ்வளவு தான் கொள்கை.

பாதி லிஸ்ட் சுலபமா முடிஞ்சுது. பத்தமடைக்குப் போய்ப் பாய் சொன்னோம். தாமிரபரணிக் கரைக் கோரையை நாள்கணக்கா ஓடுற தண்ணியில ஊறப்போட்டு, நாராக் கிழிச்சு, சாயம் தோய்ச்சு நெய்யறாங்க. நல்ல பட்டுப்பாய்னா துணி மாதிரி மடிக்கலாம். 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போயிருக்கு. எங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரை நெசவுலயே போட்டுக் கொடுப்பாங்க. இந்துக் கல்யாணமோ முஸ்லிம் கல்யாணமோ, பேர் போடுறது பெரும்பாலும் அங்க இருக்கற முஸ்லிம் பெண்களோட கை.

வரவேற்புக்கு வீரவநல்லூர் செடிபுட்டா சேலை. அங்க உள்ள சௌராஷ்டிர நெசவாளர்கள் கையாலேயே செடியும் பூவுமா புட்டா போடுறாங்க. 2023-ல தான் புவிசார் குறியீடு கிடைச்சுது. முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரப் பட்டு தான்னு அம்மா ஒரே பிடியா நின்னுட்டாங்க. அது பஸ் தூரத்துக்குள்ள வராது, அம்மா பிடிவாதத்துக்குள்ள வரும் :)

மேக்கப்புக்கு நாகர்கோவில்ல ஒரு அக்கா. நெத்திச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம் எல்லாம் வடசேரி கோயில் நகை செட், ரெண்டு நாள் வாடகைக்கு. வெள்ளி மேல தங்கம் ஏத்தி, சிவப்புக் கல்லு பதிச்சது. சாமிக்குச் செஞ்சு, அப்புறம் பரதநாட்டியக்காரங்களுக்குப் போயி, இப்ப கல்யாணப் பொண்ணு தலையில வந்து உக்காந்திருக்கு.

எல்லாம் பச்சைக் கலர்ல டிக் ஆயிட்டே வந்துச்சு. ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்பா நின்னுச்சு.

தாலி.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். எங்க வீடு ஆசாரி வீடு. தாத்தா நகை ஆசாரி. எனக்கு நினைவு தெரிஞ்ச காலத்துல அவர் வேலையை விட்டு ரொம்ப நாளாச்சு. திண்ணையில உக்காந்து பேப்பர் படிப்பார். ஆனா விரல் மட்டும் சும்மா இருக்காது. பாக்குப் பொட்டலத்துல வர்ற ஈயத்தாளை உருட்டி உருட்டி எனக்கு மோதிரம் பண்ணிக் கொடுப்பார். அப்பாவைத் தொழில்ல உக்கார விடவே இல்லையாம். உமி ஓட்டுக்கு முன்னாடி வந்து நின்னாலே விரட்டுவாராம். "போயிப் படில"ன்னு ஒரே பேச்சு. அப்பா டிப்ளமோ படிச்சார். நான் இன்ஜினியரிங் படிச்சேன். எங்க வீட்டுல ஊதுகுழல் எடுத்த கடைசி ஆள் தாத்தா தான்.

ஏன் அப்படின்னு நான் கேட்டதே இல்லை. கல்யாணம் பேசி முடிச்சு, தாலி யார்கிட்ட செய்யறதுன்னு பேச்சு வந்தப்போ தான் கதை வெளிய வந்துச்சு. ஆச்சி உள்ள போயி ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க.

"இதைச் சேத்து உருக்கச் சொல்லு."

உள்ள அவங்க தாலி. தாத்தா தன் கையால செஞ்சது. 1963 வைகாசியில கட்டினது. தாத்தா போனப்புறம் கழட்டி வச்சது.

அந்த 1963 தான் இந்தப் பதிவு.

1962 அக்டோபர், நவம்பர்ல சீனாவோட சண்டை. தோத்துட்டோம். அந்நியச் செலாவணி கையிருப்பு தேய்ஞ்சு கெடந்த நேரம். ஆயுதம் வாங்கவும் அரிசி கோதுமை வாங்கவும் டாலர் வேணும். ஆனா நாட்டுக்குள்ள கள்ளத்தனமா தங்கம் வந்துக்கிட்டே இருக்கு, அதுக்கு ஈடா பணம் வெளிய போய்க்கிட்டே இருக்கு. நிதியமைச்சரா இருந்த மொரார்ஜி தேசாய் கணக்குப் போட்டார். மக்கள் தங்கம் கேக்குறதை நிறுத்தினா கடத்தல் நிக்கும். கேக்குறதை எப்படி நிறுத்துறது? நகையோட தரத்தைக் குறைச்சா ஆசை குறையும்.

1963 ஜனவரியில இந்தியப் பாதுகாப்பு விதிகளுக்குக் கீழ தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துச்சு. இனிமே புதுசா செய்யற எந்த நகையும் 14 கேரட்டுக்கு மேல இருக்கக்கூடாது. நகையா இல்லாத தங்கம், அதாவது கட்டி, பாளம் எல்லாம், வச்சிருக்கறவங்க கணக்குக் காட்டணும்.

கணக்கு தெரிஞ்ச நமக்கு இது சின்ன மாற்றம் மாதிரி தெரியும். 22 கேரட்னா நூத்துக்கு 91.6 பங்கு தங்கம். 14 கேரட்னா 58.3. மீதி வெள்ளியும் செம்பும். ஆனா உமி ஓட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கற ஆளுக்கு அது வேற உலோகம். 22 கேரட் மெழுகு மாதிரி வளையும். கம்பி அச்சுல இழுத்தா மயிர் கனத்துக்கு வரும். தலைமுறை தலைமுறையா கத்துக்கிட்ட கம்பி வேலை, அரும்பு வேலை எல்லாமே அந்த மென்மையை நம்பினது. 14 கேரட் முரண்டு பிடிக்கும், கம்பி அறும். நிறமும் மஞ்சள் போயி செம்பு அடிக்கும். தங்கம் மாதிரியே இருக்காதுன்னு வாங்கறவங்க சொல்லிட்டாங்க.

வாங்கறவங்க வரலைன்னா யாருக்கு நஷ்டம்? பெரிய வியாபாரி கடையை மாத்திக்கலாம். கடத்துறவனுக்கு ரேட் ஏறும், அவனுக்குக் கொண்டாட்டம். அன்னாடம் வர்ற செய்கூலியில அரிசி வாங்கற ஆசாரிக்கு மட்டும் தான் அடுப்பு அணையும். நாடு பூரா லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் வேலை இழந்தாங்க. பலர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. நாடாளுமன்றத்துல இதைப் பத்திக் கேள்வி மேல கேள்வி வந்துச்சு.

அந்த வருஷம் ஆகஸ்ட்ல காமராஜர் திட்டத்துல மொரார்ஜி பதவி விலக, நிதி இலாகா டி.டி.கிருஷ்ணமாச்சாரிக்கு வந்துச்சு. 1963 முடியறதுக்குள்ள கொஞ்சம் தளர்த்தினாங்க. வாடிக்கையாளர் கொண்டுவர்ற பழைய நகையை அதே தரத்துல அழிச்சுச் செஞ்சு கொடுக்கலாம்னு தனியா தொழில் பண்ற ஆசாரிகளுக்கு அனுமதி கிடைச்சுது. 14 கேரட் உச்சவரம்பு 1966-ல தான் முழுசா போச்சு. ஆனா கட்டுப்பாடு போகலை. 1968-ல தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம்னே தனியா ஒண்ணு வந்துச்சு. லைசென்சு, சான்றிதழ், கணக்குப் புத்தகம், சோதனை. அது 1990 வரைக்கும் இருந்துச்சு.

நம்ம பழைய படங்கள்ல வில்லன் ஒரு தீவுல உக்காந்து தங்க பிஸ்கட் கடத்துவாரே, ஞாபகம் இருக்கா? சின்ன வயசுல அந்தப் படங்களை டிவியில பார்த்தப்போ எனக்கு ஒரு சந்தேகம். தங்கத்தைக் கடையில வாங்கலாமே, ஏன் கடத்தணும்? விடை இது தான். கட்டித் தங்கம் சாதாரண ஆள் வச்சிருந்தாலே குற்றம்னு ஒரு காலம் 20 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 1990-ல மது தண்டவதே நிதியமைச்சரா இருந்தப்போ சட்டத்தை எடுத்தாங்க. 1992-ல வெளிநாட்டுல இருந்து வர்ற இந்தியர்கள் வரி கட்டி 5 கிலோ வரைக்கும் கொண்டுவரலாம்னு ஆச்சு. அப்புறம் வில்லன்களும் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க :)

நடுவுல 1991. இறக்குமதிக்குக் கட்டப் பணம் இல்லாம, அரசாங்கமே கிட்டத்தட்ட 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வச்சுது. கஷ்டம் வந்தா தங்கத்தை அடகு வைக்கிறது தான் வழின்னு எங்க ஆச்சிக்கு முன்னாடியே தெரியும். டெல்லிக்கு 28 வருஷம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கு.

கிண்டலுக்குச் சொல்லலை. அந்த விதிகளைப் போட்டவங்க கெட்டவங்கன்னு நான் நினைக்கலை. செலாவணிக் கஷ்டம் நிஜம். ஆனா அவங்க நகையை ஆடம்பரம்னு பார்த்தாங்க. அது ஆடம்பரம் மட்டும் இல்லைங்கறதை வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லுது.

ரொம்பப் பின்னாடி போவோம். முதல் நூற்றாண்டுல ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகுதுன்னு. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும். அந்தத் தங்கம் எங்க போச்சுன்னு நம்ம மண்ணைத் தோண்டினா தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல ஒரே புதையல்ல 501 ரோமானியத் தங்கக் காசு கிடைச்சுது. பெரும்பாலான காசுல சக்கரவர்த்தி தலையில ஒரு வெட்டு. ரோமாபுரி மதிப்பெல்லாம் இங்க வேண்டாம், எடைக்குத் தங்கம், அவ்வளவு தான்னு சொல்ற மாதிரி.

'பவுன்', 'சவரன்' ரெண்டுமே நம்ம வார்த்தை இல்லை. இங்கிலாந்தோட பவுண்டும் சாவரினும் தான். 22 கேரட்ல, 8 கிராமுக்கு ஒரு துளி கம்மியா ஒரு காசு. 1918-ல பம்பாயிலேயே அடிச்சாங்க. நம்ம ஆட்கள் அதை வாங்கிக் கோத்துக் காசுமாலை ஆக்கிட்டாங்க. சக்கரவர்த்தி மாறினார், பழக்கம் மாறலை. இன்னிக்கும் நகைக்கடைக் கணக்கு அந்த 8 கிராம்ல தான் ஓடுது.

போன தங்கம் வெளிய வந்த காலமும் உண்டு. 1929-க்குப் பின்னாடி உலக மந்தம். நெல்லு, பருத்தி விலை பாதாளத்துக்குப் போச்சு. ஆனா நிலவரியும் வட்டியும் குறையலை. 1931 செப்டம்பர்ல பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தை விட்டதும் ரூபாய்க் கணக்குல தங்கம் விலை ஏறிச்சு. விவசாயிகள் வீட்டு நகையைக் கொண்டாந்து வித்தாங்க. டன் டன்னா கப்பல்ல போச்சு. அந்த வருஷங்கள்ல குடும்பங்கள் நிலத்தைக் காப்பாத்தினது கழுத்துல கெடந்ததை வித்து.

இதுல யார் கழுத்துன்னு யோசிங்க. நிலம் ஆம்பளை பேர்ல. வீடு ஆம்பளை பேர்ல. தமிழ்நாட்டுல மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தது 1989-ல. நாடு முழுக்க 2005-ல. அதுவரைக்கும் ஒரு பொண்ணு 'இது என்னோடது'ன்னு கைவச்சுச் சொல்லக்கூடிய ஒரே சொத்து உடம்புல போட்டிருந்த நகை. அதைத் தான் வரதட்சணைங்கற பேர்ல புருஷன் வீடு எடுத்துக்கிட்டதுங்கறது இதே கதையோட அசிங்கமான மறுபக்கம். 1961-லேயே அதுக்கும் சட்டம் போட்டாச்சு. பலன் உங்களுக்கே தெரியும்.

சரி, பவுடர் டப்பாவுக்கு வர்றேன்.

பெரியம்மா தான் முதல்ல ஆரம்பிச்சாங்க. "கழட்டுன தாலியை யாராவது புதுத் தாலிக்குப் போடுவாவளா? கம்மல் பண்ணிப் போடட்டும், மோதிரம் பண்ணட்டும், தாலிக்கு வேண்டாம்." அம்மா ஒண்ணும் பேசலை. பேசாம இருந்தது தான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பா வழக்கம் போல மோட்டர் போட மாடிக்குப் போயிட்டார்.

ஆச்சி டப்பாவைத் திருப்பி எடுத்துக்கிட்டு, "ஆமா, அதுஞ்சரி தான்"னு உள்ள போயிட்டாங்க. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நம்ம வேலை என்ன? எரர் வந்தா லாக் பார்க்கறது. மறுநாள் ஆச்சிகிட்ட கேட்டுத் தாலியை வாங்கிக்கிட்டு டவுன்ல ஒரு ஹால்மார்க் மையத்துக்குப் போனேன். உரசவோ உருக்கவோ வேண்டாம், எக்ஸ்ரே மாதிரி ஒரு கதிரை விட்டு எத்தனை சதவீதம்னு மிஷினே சொல்லும். நான் எதிர்பார்த்தது 91 இல்லைன்னா 90.

மிஷின் சொன்னது 58.4.

பக்கத்துல இருந்த பையன் பாவமா பார்த்தான். "அக்கா, அந்தக் காலத்துல நெறைய ஏமாத்துவாங்க, உங்க தாத்தா எங்க வாங்கினாரு?"ன்னான். அவர் வாங்கலைடா தம்பி, அவரே செஞ்சதுடான்னு சொல்ல வாய் வரலை.

பஸ்ஸுல வர்றப்போ தான் பொறி தட்டுச்சு. 1963 வைகாசி. ஜனவரிக்கு அப்புறம், தளர்த்தறதுக்கு முன்னாடி. கணக்கு சரியா வந்துச்சு. அந்த இடைப்பட்ட மாசங்கள்ல சட்டப்படி செய்யக்கூடிய தாலி இது தான்.

கையில ஊதுகுழல் இருந்துச்சு. பக்கத்துல யாரும் இல்லை. தன் அம்மாவோட பழைய வளையலை அழிச்சு 22 கேரட்ல ராத்திரியோட ராத்திரியா செஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்? தெரு பூரா அப்படித் தான் நடந்துச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். தாத்தா ஏன் செய்யலை? பயமா, நேர்மையா, இல்ல அழிக்கறதுக்கு வீட்டுல வளையலே மிச்சம் இல்லையா? அவர் இருந்த காலத்துல நான் ஈயத்தாள் மோதிரம் வாங்கிக்கிட்டு ஓடிப்போனேன். கேக்க வேண்டியதைக் கேக்கலை.

ஆச்சிகிட்ட சொல்றதா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். 'தாத்தா சுத்தத் தங்கத்துல செஞ்சார்'ன்னு அவங்க எத்தனையோ தடவை பெருமையா சொல்லிக் கேட்டிருக்கேன். கடைசியில சொன்னேன். முகத்தையே பார்த்துக்கிட்டு.

"எனக்குத் தெரியாதாக்கும்?" சிரிச்சாங்க. "ஆசாரி பொண்டாட்டிட்டி நான். கழுத்துல ஏறுன அன்னைக்கே நெறத்துல தெரிஞ்சுட்டு. செம்பாட்டம் கெடந்துச்சு. நான் கேக்கல. கேட்டா அந்த மனுசன் என்ன சொல்லுவாவ? அன்னைக்கு வீட்டுல அரிசியே கடன்ல வந்துச்சு."

அப்புறம் மெதுவா மீதியைச் சொன்னாங்க. கல்யாணம் ஆன மூணு வருஷம் தாத்தா அரிசி மில்லுல மூட்டைக்குக் கணக்கு எழுதினார். விதி தளர்ந்தும் தெருவுல பழைய கூட்டம் திரும்பலை. 1966-க்கு அப்புறம் மறுபடி உக்காந்தார், ரெண்டு பையன்களுக்குத் தொழில் கத்துக் கொடுத்தார். ஆனா வாடிக்கை கடைக்குப் போயிருச்சு, ஆசாரி கடைக்காரங்களுக்குக் கூலி ஆளா ஆயிட்டார். தன் மகன் உமி ஓட்டுக்கு முன்னாடி உக்காரக்கூடாதுன்னு அவர் முடிவு பண்ணினது அப்போ தான்.

என் இன்ஜினியரிங் சீட்டுக்கு இப்படி ஒரு வேர் இருக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை.

தாத்தாகிட்ட தொழில் கத்துக்கிட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னும் எங்க தெருவுல இருக்கார். எழுபதைத் தாண்டினவர். கண்ணாடிக்கு மேல ஒரு லென்சு மாட்டிக்கிட்டு இன்னும் தாலி, மூக்குத்தி மட்டும் செய்யறார். அவர்கிட்ட பிரச்சினையைச் சொன்னேன். கழட்டின தாலிங்கற பிரச்சினை ஒண்ணு. 14 கேரட்டை 22-ல கலந்தா மொத்தத்தோட தரமும் இறங்கும்ங்கற பிரச்சினை இன்னொண்ணு.

அவர் தாலியை உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். மிஷின் சொன்னதையே சொன்னார், மிஷினைவிட சீக்கிரமா.

"மொத்தமா உருக்க வேண்டாம். பொடிக்கு எடுத்துக்கிடுதேன்"னார்.

பொடின்னா பத்தவைக்கிற கலவை. ரெண்டு தங்கத் துண்டை ஒட்ட வைக்கணும்னா நடுவுல அதைவிடச் சீக்கிரம் உருகற ஒண்ணு வேணும். 22 கேரட் உருகறதுக்கு முன்னாடி 14 கேரட் உருகிரும். அதைத் துளித்துளியா நறுக்கி, வெண்காரம் தடவி, ஊதுகுழலால ஊதினா இடுக்குல பாய்ஞ்சு பிடிச்சுக்கும். 'பொடி வச்சுப் பேசறான்'னு சொல்றோமே, அதுவே இந்தப் பொடியில இருந்து வந்ததுன்னு தான் ஆசாரி வீடுகள்ல சொல்வாங்க.

இந்தப் பொடிக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. பொடி வச்சா நகையோட மொத்தத் தரம் கொஞ்சம் குறையும். 'ஆசாரி திருடிட்டான்'ங்கற பழி பாதி இதுல வந்தது. அதைத் தவிர்க்கக் காட்மியம் கலந்து பத்தவைக்க ஆரம்பிச்சாங்க. கேடிஎம் நகைன்னு கடைகள்ல போர்டு தொங்குச்சே, அது இது தான். தரம் குறையலை, ஆனா காட்மியப் புகை ஆசாரியோட நுரையீரலைத் தின்னுச்சு. வாங்கறவங்களோட சந்தேகத்துக்கு விலை கொடுத்தது மறுபடியும் அதே ஆள். அப்புறம் ஹால்மார்க் 2000-ல வந்து, 2021 ஜூன் 16-ல இருந்து படிப்படியா கட்டாயமாச்சு. வாங்கற நமக்கு நிச்சயமா நல்லது. 2 கிராமுக்குக் குறைஞ்ச நகைக்கு விலக்கு இருக்கறதால, எங்க ஆசாரி மாதிரி ஆட்களுக்குப் பொட்டுத்தாலியும் மூக்குத்தியும் மிஞ்சியிருக்கு.

போன வாரம் பொன்னுருக்கு. நல்ல நேரம் பார்த்து, வீட்டு முற்றத்துலயே குமுட்டி வச்சு. ஆச்சி முற்றத்துப் பக்கமே வரலை. அடுக்களையில காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. யாரும் வராதீங்கன்னு சொல்லலை, வாங்கன்னும் சொல்லலை. இந்த மாதிரி விஷயம் நம்ம வீடுகள்ல எப்பவும் இப்படித் தானே நடக்கும்.

மூசையில தங்கம் வச்சாச்சு. ஆசாரித் தாத்தா தன் பையைத் துழாவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமா கூப்பிட்டார்.

"மதினி, அண்ணாச்சி ஊதுகுழல் எங்க? எம்புள்ளைக்குத் தாலி அதுல தான் ஊதணும்."

வீடே அமைதியாயிருச்சு. பெரியம்மா எதுவோ சொல்ல வாயெடுத்தாங்க. அதுக்குள்ள அம்மா எழுந்து அடுக்களை வாசலுக்குப் போயி, "நீங்களே எடுத்துட்டு வாங்க அத்தை, எனக்கு எங்க இருக்குன்னு தெரியாது"ன்னாங்க. அம்மாவுக்கு எங்க இருக்குன்னு தெரியும். பரண்ல தகரப்பெட்டிக்குள்ள. போன பொங்கலுக்கு அவங்க தான் தூசி தட்டினாங்க.

ஆச்சி ஊதுகுழலோட வந்தாங்க. கொடுத்துட்டுத் திரும்பப் போகலை. அப்படியே தூணோரமா உக்காந்துட்டாங்க. அவங்க தாலியில இருந்து ஒரு குன்றிமணி எடைக்கு நறுக்கினார். மீதியை டப்பாவுலயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஊத ஊத, அந்தத் துளி முதல்ல உருகி ஓடினதை நான் என் கண்ணால பார்த்தேன்.

இப்ப கடைத்தெருவுக்குப் போனா ஒரு வேடிக்கை. 2025 அக்டோபர்ல சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டினப்போ, கடைக்காரங்க 18 கேரட், 14 கேரட்னு தனி ஷோகேஸ் வச்சு, 'லைட் வெயிட், ஆபீசுக்குப் போடலாம், புது ஃபேஷன்'னு கூவிக்கிட்டு இருந்தாங்க. அதே வருஷம் ஜூலையில 9 கேரட்டையும் ஹால்மார்க் கணக்குல சேர்த்தாச்சு. 1963-ல அரசாங்கம் விதி போட்டு மிரட்டியும் கழுத்துல ஏறாத 14 கேரட்டை, விலை ஏறினதும் நாமளே கியூவுல நின்னு வாங்கறோம். நடுவுல செத்துப்போன ஆசாரிகளுக்கு இதை யார் போய்ச் சொல்றது?

எக்செல்ல அந்தச் சிவப்பு வரிசையைப் பச்சையாக்கிட்டேன். 'யார்கிட்ட வாங்கறது'ங்கற காலத்துல ரெண்டு பேர் போட்டிருக்கேன். ஆசாரித் தாத்தா ஒண்ணு. இன்னொண்ணு எங்க தாத்தா. விலைக் காலத்தைக் காலியா விட்டிருக்கேன், வருங்கால ரங்கமணி 'ஃபார்முலா எரர் அடிக்குது'ன்னு புலம்பிக்கிட்டு இருக்கார்.

உங்க வீட்டுலயும் 1963-க்கும் 1966-க்கும் நடுவுல கல்யாணம் ஆன ஆச்சியோ பாட்டியோ அம்மாச்சியோ இருந்தா, அவங்க தாலியைப் பத்தி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நிறம் கொஞ்சம் செம்பு அடிச்சா 'ஏமாந்துட்டாங்க'ன்னு மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிராதீங்க.

டிஸ்கி: மொய்க்கு 9 கேரட் மோதிரம் எடுத்துட்டு வர்ற பதிவர்களுக்குப் பந்தியில பாயசம் கட். :)